“தண்ணி லாரியையா துரத்துறானுங்க?”

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளை நாற்பது வருடங்களுக்கு முன்பே படமாக எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய படங்களை இன்றைய பிள்ளைகள் ஏன் விடாமல் பார்க்கிறார்கள்? மரக்காணம் உப்பளத்திலிருந்து வானூர் செம்மண் வரை ஒரு தேடல்.

பகல் பதினொன்றரை மணி. மரக்காணம் உப்பளத்தில் அந்த நேரத்துக்கு நிழலே கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கி வரப்பில் கால் வைத்ததுமே கண் கூசுகிறது. மேலேயிருந்து அடிக்கும் வெயிலை, பாத்தியில் படிந்திருக்கும் உப்பு வாங்கித் திருப்பி முகத்திலேயே அடிக்கிறது. தூரத்தில் கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். துருவேறிய ஒரு மோட்டார். சக்கரம் கழன்று, வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும் ஒரு டிரெய்லர். அதற்கு அப்பால் வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

மோட்டார் கொட்டகையின் தகரத்தடியில் ஒரு பையன் குந்தியிருக்கிறான். லோடு ஏற்ற வந்த லாரியின் கிளீனர். இருபது வயது இருக்கும். கையில் போன். உள்ளே புழுதி பறக்க ஒரு டேங்கர் லாரி ஓடுகிறது. தோல் சட்டையும் இறகும் அணிந்த ஆட்கள் மோட்டார் சைக்கிளிலும் ஜீப்பிலும் அதைத் துரத்துகிறார்கள். உப்பு வாரிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த ஓர் அக்கா, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தபடி எட்டிப் பார்க்கிறார். ஐம்பதை நெருங்கிய வயது. உள்ளங்கால் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு.

“இன்னா தம்பி, தண்ணி லாரியையா துரத்துறானுங்க?”

“தண்ணி இல்லக்கா. பெட்ரோலு.”

“பெட்ரோலுக்கா இப்படி வெட்டிக்கிறானுங்க?”

“உலகமே அழிஞ்சிபோச்சுக்கா. பெட்ரோலு மட்டுந்தான் கொஞ்சம் மிச்சம்.”

அக்கா குடத்தைச் சாய்த்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப தண்ணிக்கு இன்னா பண்றானுங்க?”

பையனிடம் அதற்குப் பதில் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது 1981-ல் வந்த ‘மேட் மேக்ஸ் 2’. அவன் அப்பாவே அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பார்.

இந்த வாரக் கட்டுரைக்கு அந்த அக்காவின் கேள்விதான் வழிகாட்டி.

மருத்துவர் எடுத்த படம்

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ‘டிஸ்டோபியா’ என்றால் கெட்டுச் சீரழிந்த எதிர்காலம். நல்ல உலகத்தைக் கனவு காணும் கதைகளுக்கு நேர் எதிர். இலக்கியத்தில் இது பழைய சங்கதி. சினிமாவில் அடிதடியோடும் துரத்தலோடும் சேர்ந்து அது தனி ரகமாக எழுந்தது 1970-களின் கடைசியிலிருந்து 1990-கள் வரை.

அதற்கு வலுவான தொடக்கம் போட்டவர் ஜார்ஜ் மில்லர் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். சிட்னி மருத்துவமனையில் சாலை விபத்தில் சிதைந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் பங்குகளில் மனிதர்கள் எப்படி மாறிப்போனார்கள் என்பதும் அந்த நாட்டின் நினைவில் இருந்தது. இரண்டும் சேர்ந்து 1979-ல் ‘மேட் மேக்ஸ்’ ஆனது. சில லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்கப் பத்துக் கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

பிறகு வரிசையாக வந்தன. மன்ஹாட்டன் தீவையே சிறையாக்கிய ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’, மழையும் நியானும் நனைத்த ‘பிளேடு ரன்னர்’, அர்னால்டின் ‘டெர்மினேட்டர்’, போலீஸையே ஒரு கம்பெனிக்குக் குத்தகை விட்ட நகரத்தின் கதையான ‘ரோபோகாப்’, நிலமே மூழ்கிப்போன ‘வாட்டர்வேர்ல்ட்’, கடைசியாக 1999-ல் ‘தி மேட்ரிக்ஸ்’.

நம்மூருக்கு இவை வந்து சேர்ந்த வழிகளும் பல. டிவியையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து மூன்று நான்கு கேசட் போட்ட காலம். அப்புறம் கேபிள். அப்புறம் டப்பிங். இப்போது போன். ‘பிளேடு ரன்னர்’ தியேட்டரில் தோற்ற படம். வீடியோ கேசட்தான் அதற்கு இரண்டாவது உயிர் கொடுத்தது. திரும்பத் திரும்பப் பார்க்க வழி கிடைத்ததும் பழைய படம் புதுப் படத்தோடு ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் இது கண்கூடு: 2024-ல் மறுபடி வந்த ‘கில்லி’க்குத் திரண்ட கூட்டத்தில் பாதிப் பேர் படம் முதலில் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள் என்று தோன்றியது.

ஆனால் ‘கில்லி’யைத் திரும்பப் பார்க்க ஆசையும் ஞாபகமும் போதும். உலகம் அழிந்த கதையை எதற்காகத் திரும்பப் பார்க்க வேண்டும்?

■ பெட்டிச் செய்தி: தேதி தாண்டிய எதிர்காலங்கள்

இந்தப் படங்கள் ‘எதிர்காலம்’ என்று சொன்ன நாள்களை நாம் எப்போதோ கடந்துவிட்டோம்.

• சாய்லன்ட் கிரீன் (1973): கதை நடக்கும் ஆண்டு 2022.
• எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க் (1981): 1997.
• பிளேடு ரன்னர் (1982): 2019 நவம்பர்.
• தி ரன்னிங் மேன் (1987): 2017-ல் உலகப் பொருளாதாரம் நொறுங்கிவிட்டதாகத் தொடங்குகிறது. படத்துக்கு மூலமான ஸ்டீபன் கிங் நாவல் 1982-ல் வந்தது. அதன் கதை நடப்பது 2025-ல். அதே 2025-ல் படம் மறுபடி எடுக்கப்பட்டு வெளியானது.
• அகிரா (1988, ஜப்பானிய அனிமேஷன்): 2019.
• டெர்மினேட்டர் 2 (1991): இயந்திரங்கள் மனிதர்களை அழிக்கும் நாள் 1997 ஆகஸ்ட் 29.
• என் இனிய இயந்திரா (சுஜாதாவின் தொடர்கதை, 1980-கள்): 2021-க்குப் பிந்தைய இந்தியா.

1981: ஒரு டேங்கர், ஒரு மாட்டுவண்டி

உப்பளத்து அக்கா பெட்ரோல் லாரியைத் தண்ணி லாரி என்று நினைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழ் சினிமாவும் அதே 1981-ல் அதே மாதிரி ஒரு வண்டியைத் தண்ணீர் வண்டியாகத்தான் பார்த்தது.

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே.பாலசந்தர் படமாக எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’. கரிசல் காட்டில் அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமம். குடிக்கத் தண்ணீர் இல்லை. போலீஸுக்குத் தப்பி ஓடிவந்த வெள்ளைச்சாமி என்ற அந்நியன் அங்கே ஒதுங்குகிறான். ஊருக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறான். ‘மேட் மேக்ஸ் 2’-ல் எல்லாவற்றையும் இழந்து அலையும் ஒருவன், பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு குடியிருப்புக்காக டேங்கர் ஓட்டச் சம்மதிக்கிறான். உலகத்தின் இரு மூலைகளில் ஒரே வருடத்தில் வந்த இரண்டு படங்கள். ஒன்றுக்கு ஒன்று தொடர்பில்லை. ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான்: காய்ந்த நிலம், அவசியமான ஒரு பொருள், அதைச் சுமந்து வரும் ஒரு வண்டி, ஊர் பேர் தெரியாத ஒரு வண்டியோட்டி.

வித்தியாசமும் இருக்கிறது. ஆஸ்திரேலியப் படத்தில் எதிரிகள் கொள்ளையர்கள். அத்திப்பட்டிக்காரர்கள் தாங்களே கால்வாய் வெட்டத் தொடங்கும்போது தடுக்க வருவது அரசாங்கம். அங்கே அரசாங்கம் அழிந்துபோனதால் பெட்ரோல் இல்லை. இங்கே அரசாங்கம் இருந்தும் தண்ணீர் இல்லை. நம் படத்தை யாரும் டிஸ்டோபியா என்று சொன்னதில்லை. நடப்புக் கதை என்றுதான் சொன்னோம்.

இந்த வகையில் இன்னும் பின்னே போகலாம். உப்பு வணிகர்களான உமணர்கள், பள்ளமும் மேடுமான வழியில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு அச்சை வண்டிக்கு அடியிலேயே கட்டிக்கொண்டு போவார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். நடு வழியில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று அஞ்சிய சமூகத்தின் முன்யோசனை அது. அந்த அச்சத்தில் பாதி ‘மேட் மேக்ஸ்’ அடங்கிவிடுகிறது.

கடுவெளிச் சித்தர் விட்ட சாபம்

வானூர் வட்டத்துக்கு இந்தக் கதைகளைக் கற்றுத்தர வெளிநாட்டுப் படம் தேவையில்லை. இங்கே இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலைச் சுற்றி ஒரு கதை உலவுகிறது. நிலம் எப்படிப் பாழாகும், பாழான நிலத்துக்கு விமோசனம் எப்போது என்பதைச் சொல்லும் கதை.

கடுவெளிச் சித்தர் கடுந்தவத்தில் இருந்தாராம். தவச் சூட்டில் மழை பொய்த்தது என்று அஞ்சிய மன்னன், ஒரு தாசியை அனுப்பித் தவத்தைக் கலைத்தான். ஊர் செழித்தது. பிறகு ஒரு திருவிழாவில் அவள் ஆடும்போது கால் சிலம்பு கழன்று விழ, ஆட்டம் தடைப்படக் கூடாதென்று சித்தரே எடுத்து மாட்டிவிட்டார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் மனம் நொந்து முறையிட, லிங்கம் வெடித்துச் சிதறியது. சில்லுகள் விழுந்த இடமெல்லாம் புல் பூண்டு முளைக்காது என்று சாபம். மன்னன் காலில் விழுந்து மன்றாடியபோது சித்தர் இறங்கிவந்து சொன்னாராம்: தூரதேசத்திலிருந்து மனிதர்கள் வந்து இந்தப் பாலையை மறுபடி பசுமையாக்குவார்கள்.

கதை எப்போது எப்படி வளர்ந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த நிலம் பாழாகக் கிடந்தது உண்மை. காடு வெட்டப்பட்டு, மேல்மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, செந்நீராகக் கடலுக்குப் போய், ஆழமான செம்மண் பிளவுகள் விழுந்த மேட்டுநிலம் அது. அங்கேதான் 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டார்கள். 50,000 பேர் வாழும் நகரம் என்று திட்டம். இன்றைக்கு இருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். ஆனால் லட்சக்கணக்கில் மரங்கள் எழுந்தன. வரப்பு கட்டி, குழி தோண்டி, செடிக்கு நீர் சுமந்ததில் சுற்றுக் கிராமத்துக் கூலிக்காரர்களின் கையும் தோளும் இருந்தன. கதை சொல்லும்போது தூரதேசத்து மனிதர்கள் மட்டும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அந்தக் காட்டுக்குள்ளேயே 2021 டிசம்பரில் சாலைத் திட்டத்துக்காக மண் அள்ளும் இயந்திரங்கள் வந்தன. நட்ட மரத்தை வெட்டலாமா, வரைபடத்தில் இருக்கும் நகரத்தைக் கட்டாமல் விடலாமா என்று அங்கேயே வாழ்பவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போய், உச்ச நீதிமன்றம் வரை போனது. நல்லுலகம் கட்டப் புறப்பட்ட இடத்தில்கூட ‘யார் முடிவெடுப்பது’ என்ற கேள்வி காத்திருக்கிறது. டிஸ்டோபியாப் படங்கள் ஒவ்வொன்றும் கடைசியில் வந்து நிற்பதும் அந்தக் கேள்வியில்தான்.

ஒரு தகவலை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. ‘மேட் மேக்ஸ் 2’ எடுத்த இடம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பாலை. பல வருடங்கள் கழித்து ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ படத்துக்காக மில்லர் அங்கே திரும்பிப் போனபோது எதிர்பாராத மழை கொட்டி, பாலை முழுக்கப் பூ பூத்துக் கிடந்தது. அழிந்த உலகத்தைப் படமெடுக்க அந்த இடம் ஆகாது என்று படக்குழு ஆப்பிரிக்காவின் நமீபியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. இரும்பைச் சித்தர் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

■ பெட்டிச் செய்தி: வானூர் – மரக்காணம்

• திருவக்கரை (வானூர் வட்டம்): சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரங்கள். வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதால் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்தவை என்று கணிக்கிறார்கள். 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் பதிவுசெய்திருக்கிறார். 1940-ல் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது.
• கழுவேலி: பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பரந்த இந்த இடம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.
• மரக்காணம் உப்பளம்: சுமார் 3,000 ஏக்கருக்கு மேல். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலை நின்றுவிடும்.

மறுநாள் காலை

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன்.

அழிவைக் காட்டும் படம் வேறு, அழிவுக்கு மறுநாளைக் காட்டும் படம் வேறு. கட்டடம் சரிவதையும் அலை எழுவதையும் காட்டும் படங்கள் வந்த வருடத்தோடு போய்விடுகின்றன. அடுத்த வருடம் அதைவிடப் பெரிய அலையைக் கணினியில் செய்துவிடுவார்கள். ‘மேட் மேக்ஸ்’, ‘டெர்மினேட்டர்’, ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ போன்றவை நிலைத்ததற்குக் காரணம், அவை மறுநாளைப் பற்றிப் பேசுகின்றன. உலை வைக்க விறகு எங்கே? தண்ணீர்க் குழாய் யார் கையில்? வாசலில் நிற்கும் அந்நியனை உள்ளே விடலாமா? மேக்ஸ் ஒரு நாய் உணவு டப்பாவைத் திறந்து சாப்பிடும் காட்சியை ஒரு தடவை பார்த்தவர்கள் மறப்பதில்லை. எத்தனை குண்டு வெடித்தது என்பது மறந்துவிடும்.

இந்தக் கரையோரத்துக்கு மறுநாள் என்றால் என்ன என்று தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். பரம்பரை பரம்பரையாய்க் காய்த்த முந்திரியும் பலாவும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. 2020 நவம்பரில் நிவர். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ஃபெஞ்சல், நகர மனமில்லாமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ., மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. உப்பளங்கள் மூழ்கின. உப்புக்கு மழை எதிரி என்பதை உப்பளத்துப் பிள்ளைகள் பேசப் பழகும்போதே தெரிந்துகொள்கிறார்கள். விவசாயிக்கு ஒரு மழை தப்பினால் அழிவு, இவர்களுக்கு ஒரு மழை பெய்தால் அழிவு.

அந்த மறுநாள்களில் என்ன நடந்தது என்று கேட்டால், யாரும் காற்றைப் பற்றி அதிக நேரம் பேசுவதில்லை. கரண்ட் எத்தனை நாள் வரவில்லை, ஜெனரேட்டர் வைத்து யார் மணிக்கணக்குக்குக் காசு வாங்கி மோட்டார் ஓட்டினார்கள், போனுக்கு யார் வீட்டில் சார்ஜ் போட்டோம், நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போனது, எந்தத் தெருவுக்குத் தண்ணி லாரி கடைசியாக வந்தது. இந்தப் பேச்சில் ஒரு திரைக்கதையே இருக்கிறது. ‘மேட் மேக்ஸ்: பியாண்ட் தண்டர்டோம்’ (1985) படத்தில் பன்றிச் சாண எரிவாயுவில் ஓடும் ஒரு சந்தை நகரம் வரும், கீழே எரிவாயு வால்வைப் பிடித்திருப்பவன் அதை மூடினால் மேலே ராணியின் விளக்கு அணையும். ஜெனரேட்டர் வாடகை பேசியவர்களுக்கு அந்தக் காட்சிக்கு விளக்கவுரை வேண்டாம்.

கடல் தாண்டினால் இதன் கூர்மை இன்னும் அதிகம். 1990-ல் போர் மறுபடி மூண்ட பிறகு இலங்கையின் வடக்கே பெட்ரோலுக்கும் இன்னும் பல பொருள்களுக்கும் தடை. மின்சாரம் இல்லை. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இயந்திரத்தை உசுப்ப மட்டும் சில சொட்டுப் பெட்ரோல். அதைச் சின்னப் போத்தலில் தங்கம் போல் பத்திரப்படுத்தினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். முப்பது வருடம் கழித்து 2022-ல் இலங்கை முழுவதும் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. வாராந்தர அளவும் கியூஆர் அட்டையும் வந்தன. இதையெல்லாம் வாழ்ந்து பார்த்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரருக்கு ‘மேட் மேக்ஸ் 2’ எதிர்காலக் கதையாக இருக்க முடியாது. அது அவருடைய இளமைக்காலம்.

குழாய் யார் கையில்?

இந்தப் படங்களை ஜோசியமாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். 1997-ல் மன்ஹாட்டன் சிறையாகவில்லை. 2019-ல் பறக்கும் கார் வரவில்லை. ஆனால் ‘பிளேடு ரன்னர்’ குறித்த அதே 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டு, ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சுமந்துகொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டின் தலைநகரம் ஒரு கோடைக்காலம் முழுக்க டேங்கரின் ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுத்துத் தூங்கியது. ‘ஃபியூரி ரோடு’ படத்தில் மலையுச்சியிலிருந்து கொஞ்ச நேரம் மட்டும் தண்ணீரைத் திறந்துவிட்டு, ‘தண்ணீருக்கு அடிமையாகாதீர்கள்’ என்ற பொருளில் மக்களுக்கே உபதேசம் செய்யும் கொடுங்கோலனைப் பார்க்கும்போது அந்தக் கோடையின் குடவரிசை நினைவுக்கு வராமல் போகாது.

‘வாட்டர்வேர்ல்ட்’ (1995) படத்தின் நாயகன் சுற்றிலும் கடல் இருக்க, தன் சிறுநீரைத்தான் வடிகட்டிக் குடிக்கிறான். ஒரு குவளை மண்ணை விலைக்கு விற்கிறான். கடலோரக் கிராமத்தில் கிணறு உவர்ப்பாகிப்போன வீட்டில் குழந்தை இதைப் பார்த்தால், ‘ஏம்மா நாமும் அப்படித்தானே’ என்று கேட்கும்.

தமிழில் இந்தக் கேள்வியை எல்லாருக்கும் முன்னால் அழுத்தமாகக் கேட்டவர் சுஜாதா. ‘விக்ரம்’ (1986) படத்தில் ஏவுகணையும் கணினியும் வைத்துத் தமிழ் ரசிகனை எதிர்காலத்துக்குப் பழக்கியவர், ‘என் இனிய இயந்திரா’வில் அதன் இருட்டான பக்கத்தைக் காட்டினார். ஜீவா என்ற தலைவர் ஆளும் இந்தியா. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அப்படி ஓர் ஆளே இருந்ததில்லை என்கிறது நிர்வாகம். கணினிப் பதிவிலிருந்து ஒருவரை அழித்தால் ஊரிலிருந்தே அழித்ததாகும் என்ற அந்த யோசனையை, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்குப் பின்னால் உழைத்த குழுவில் இருந்த ஒரு பொறியாளர் எழுதினார். விகடனில் வாராவாரம் அதைப் படித்தவர்கள் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியின் அறிவில் மயங்கினார்கள். நானும் மயங்கியவன். நிலாவின் பயம் புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

இன்றைக்கு ரேஷன் கடையில் ரேகை தேய்ந்த விரல் இயந்திரத்தில் பதியாமல் திரும்பும் பாட்டிக்கு அந்தப் பயம் தெரியும். உப்பும் மண்ணும் அள்ளும் கைகளில் முதலில் தேய்வது ரேகைதான். 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் ஆள்களை நிற்கவைத்துச் செல்போன் செயலியில் நாளுக்கு இருமுறை படம் பிடித்து ஏற்றுவது கட்டாயமானது. டவர் கிடைக்காத ஏரிக்கரையில் வேலை செய்த உடம்பு சாட்சியில்லை. ஏறிய படம்தான் சாட்சி. தமிழ்நாடு காவல்துறை 2021-லேயே முகமறியும் மென்பொருளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ‘ரோபோகாப்’பில் காவல்துறை ஒரு நிறுவனத்தின் சரக்காகிறது, செத்துப்போன ஒரு காவலரின் உடம்பே அந்த நிறுவனத்தின் சொத்து. 1987-ல் அதை மிகைப்படுத்தல் என்று நினைத்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்தப் படம் காட்டிய டெட்ராய்ட் நகரம் 2013-ல் நிஜமாகவே திவாலானது.

எதிர்காலத்தைச் சரியாகக் கணித்ததற்காக இவற்றைப் பாராட்டவில்லை. அதிகாரம் எதன் வழியாக நம் வீட்டுக்குள் வரும் என்று அடையாளம் காட்டியதற்காகப் பாராட்டுகிறேன். துப்பாக்கியோடு வரும் என்று பயந்துகொண்டிருப்போம். அது ஒரு வால்வோடு வரும், ஒரு பட்டியலோடு வரும்.

2024-ல் வந்த ‘கல்கி 2898 ஏடி’ தெலுங்கிலிருந்து தமிழுக்கும் வந்து நன்றாக ஓடியது. கங்கை வற்றிய காசி, உலகின் கடைசி நகரம். மேலே தொங்கும் தலைகீழ்ப் பிரமிடுக்குள் மட்டும் நீரும் மரமும். உள்ளே கமல்ஹாசன் சுப்ரீம் யாஸ்கின். பல நூறு கோடி செலவிட்ட அந்தப் பிரம்மாண்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது 1981-ன் எலும்புக்கூடுதான்.

எலும்பு முறிந்த காட்சி

பழைய படங்களின் ஈர்ப்பில் இன்னொரு பங்கு எடைக்கு உண்டு. அவற்றில் உருளும் லாரிக்கு எடை இருக்கிறது. விழும் மனிதனுக்கு எடை இருக்கிறது. ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்’ படத்தில் விமானி திரையில் நகரத்தின் பச்சைக் கோட்டு வரைபடம் ஓடும். கணினியில் அதை உருவாக்கக் காசு இல்லாமல், நகர மாடல் ஒன்றைச் செய்து, கறுப்புச் சாயம் பூசி, ஓரங்களில் ஒளிரும் டேப் ஒட்டிப் படமெடுத்தார்கள். அதே படத்தின் தந்திரக் காட்சிக் குழுவில் வேலை பார்த்த இளைஞர்தான் மூன்று வருடம் கழித்து ‘டெர்மினேட்டர்’ எடுத்த ஜேம்ஸ் கேமரூன்.

ஆனால் அந்த எடைக்கு விலையும் உண்டு. ‘மேட் மேக்ஸ் 2’-ல் மோட்டார் சைக்கிளிலிருந்து ஓர் ஆள் தூக்கியெறியப்பட்டுக் காற்றில் குட்டிக்கரணம் போட்டு விழுவார். அது திட்டமிட்ட விழுதல் இல்லை. கை நோரிஸ் என்ற 21 வயது சண்டைக் கலைஞரின் தொடை எலும்பு போனது. காட்சி படத்தில் அப்படியே இருக்கிறது. லாரி கவிழும் காட்சிக்கு முன்னால், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் வசதியாக இருக்க, ஓட்டுநரைப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னார்கள். நோரிஸ் பிழைத்து, ‘ஃபியூரி ரோடு’ படத்துக்குச் சண்டைக் காட்சிகளை வடிவமைத்தார்.

எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் இறந்துபோனார். ‘நிஜ ஸ்டண்ட்’ என்று விசிலடிக்கும் நாம் அந்தக் குடும்பத்தையும் நினைக்க வேண்டும். கணினி வரைகலை ஒரு மனித உயிரைக் காக்கும் என்றால், எடை கொஞ்சம் குறைந்தால் எனக்குச் சம்மதம்.

இந்தப் படங்களோடு எனக்குத் தீராத மனக்குறையும் ஒன்று உண்டு. பாழ்நிலத்தில் வீரனைக் காட்டுவார்கள், கொடியவனைக் காட்டுவார்கள், நடுவில் அழுக்குத் துணியில் ஒரு கூட்டத்தைக் காட்டுவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, கைத்தொழில் கிடையாது. யார் சமைத்தார்கள், யார் கிழிந்ததைத் தைத்தார்கள், யார் தண்ணீர் சுமந்தார்கள் என்று கேமரா திரும்பிப் பார்ப்பதில்லை. உப்பளத்தில் குனிந்து உப்பு வாருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு காலை நேரம் வரப்பில் நின்று பார்த்தால் இந்தக் குறையின் அளவு விளங்கும். ‘ஃபியூரி ரோடு’ கொஞ்சம் ஈடு செய்தது. அதில் ஃபியூரியோசா என்ற நாயகியும் வயதான பெண்களும் 160 நாள் பயணத்துக்குத் துணிந்து, காய்ந்த கடலின் உப்புவெளியைக் கடக்கப் புறப்படுகிறார்கள். மேக்ஸ் பின்னாலேயே வந்து மறிக்கிறான். அந்தப் பக்கம் உப்பைத் தவிர ஒன்றுமில்லை; தண்ணீர் இருக்கும் இடம் நாம் தப்பி வந்த இடம்தான், திரும்பிப் போய் அதைப் பிடிப்போம் என்கிறான்.

வந்த வழியே திரும்புகிறார்கள். எனக்கு அந்தப் படத்தில் பிடித்த இடம் அது.

உப்பளத்துக்குத் திரும்புவோம். லோடு ஏறிக்கொண்டிருக்கிறது. பையன் போனில் படம் முடியும் தறுவாயில் இருக்கிறது. அக்கா வேலைக்கு எழுந்தவர், போகாமல் நிற்கிறார். லாரி கவிழ்ந்துவிட்டது. டேங்கர் வாயிலிருந்து ஏதோ கொட்டுகிறது.

“இன்னா அது, பெட்ரோலா?”

“மண்ணுக்கா. பெட்ரோல வேற வண்டில பீப்பாயில ஒளிச்சி எடுத்துனு போயிட்டாங்க. இவனைத் துரத்திட்டு வரட்டும்னு டேங்கர்ல மண்ணைக் கொட்டி அனுப்பிட்டாங்க.”

“ஓட்டுனவனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

அக்கா துண்டை உதறித் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“அவன்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்.”

பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்கு இறங்கிப் போனார். பையன் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏறிய மூட்டைகளை எண்ணப் போனான்.